ஷிஃபானா அடிக்காத பந்துகள்

மூதூர்க் கடற்கரை மைதானத்தில், கடல் பக்கத்துக் கோல் கம்பங்களுக்கு முன்னால், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு ஹொக்கிப் பந்து அந்தரத்தில் நின்றுவிட்டது. அது ஒரு சனிக்கிழமை பின்னேரம். அன்று சூடை மீன் அதிகம் பட்டு விலை இறங்கியிருந்ததால் ஊரில் பாதிப்பேர் துறையில் நின்றார்கள். மைதானத்துக்கு வந்திருந்த மீதிப்பேர் அதிசயப்படவில்லை. நடுவர் ஏன் விசில் ஊதாமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார் என்றுதான் சத்தம் போட்டார்கள். நடந்தது இவ்வளவுதான்: மூதூர்ப் பெண்கள் அணியின் நடுக்கள ஆட்டக்காரி அஸ்மியா எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்து, கோலுக்கு முன்னால் தனியாக நின்ற ஷிஃபானாவுக்கு அனுப்பினாள். ஷிஃபானா ஓங்கி வீசினாள். ஸ்டிக் காற்றை வெட்டியது. வெளியே போயிருக்க வேண்டிய பந்து அங்கேயே நின்றுகொண்டது.

பந்தைப் பறிப்பதில் அஸ்மியாவுக்கு நிகராக மாவட்டத்தில் ஆள் இல்லை. மற்றவர்கள் விறகு கொத்துவதுபோல் ஸ்டிக்கை ஓங்கிக்கொண்டு பாய்வார்கள். அவள் பாயமாட்டாள். பந்து வைத்திருப்பவளுக்குப் பக்கத்திலேயே ஓடி, ஸ்டிக்கைப் புல்லோடு தாழ்த்திப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக அவளை ஓரக்கோட்டுப் பக்கம் ஒதுக்குவாள். பந்து எதிராளியின் ஸ்டிக்கை விட்டுக் கொஞ்சம் விலகும்வரை பொறுத்திருந்து ஒரே குத்து. பிறகு தலையை நிமிர்த்திப் பார்ப்பாள். தடுப்பு வரிசையில் எந்த இடம் திறக்கப்போகிறதோ, அது திறக்கும் நேரத்துக்குப் பந்தும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். இதையெல்லாம் ரசிக்கக் கண் வேண்டும். எங்கள் ஊருக்கு வலை அசைந்தால் மட்டும்தான் கண் தெரியும்.

ஷிஃபானா அடிக்கும்போது கண்ணை மூடுவாள். இது அணியில் எல்லோருக்கும் தெரியும். பயிற்சியாளர் முனீப் சேருக்கு மிக நன்றாகத் தெரியும். ஆனால் அவள் விளையாட்டுக் கழகத் தலைவர் ஜமால்தீன் ஹாஜியாரின் மகள். ஜெர்சி, ஸ்டிக், போய்வர வான், போட்டி முடிந்தபின் புரியாணி எல்லாம் ஹாஜியாருடைய ஹாட்வெயார் கடையின் புண்ணியம். புரியாணி தின்ற வாய் எப்படித் திறக்கும்? "இண்டைக்குக் காத்துக் கொஞ்சம் கூடத்தான்" என்று சொல்லியே முனீப் சேர் இரண்டு பருவங்களை ஓட்டினார்.

பந்துகள் சேர்ந்துகொண்டே போயின. அஸ்மியா கொடுத்து ஷிஃபானா விட்ட ஒவ்வொன்றும் கோலுக்கு முன்னால் ஒவ்வோர் இடத்தில் நின்றது. மாரி மழையில் நனைந்தன, வெயிலில் வெளுத்தன, மாடுகள் வந்து மூக்கை உரசிவிட்டுப் போயின. வேறு யார் அடித்தும் அசையவில்லை. லொறியில் கயிறு கட்டி இழுத்தபோது லொறியின் பம்பர்தான் கழன்றது. ஒருமுறை பயிற்சியில் அஸ்மியா கொடுத்ததை ரிஸ்னா என்ற பிள்ளை தவறவிட்டாள். அடுத்த நாள் வந்து தட்டினாள், பந்து சமர்த்தாக வலைக்குள் போயிற்று. யாருக்குக் கொடுத்ததோ அவள் அடித்தால்தான் அசையும் என்று அப்போதே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஆனால் ஷிஃபானா இப்போது அடித்தால், முன்பு தவறவிட்டாள் என்றாகிவிடுமே! "என்ட மகள் ஒண்டையும் தவறவிடல்ல. பந்துதான் நிண்டுபோச்சு" என்றார் ஹாஜியார். கழகம் ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. முதுகெலும்பை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் கூட்டத்துக்கு வந்திருப்பார்கள் போலும்.

இதில் நாசமாய்ப் போனது அஸ்மியாவின் வாழ்க்கை. மாகாண அணியில் இடம் கிடைத்தால் கொழும்பில் ஹொக்கி ஆடும் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைக்கும். பாடசாலைச் சீருடை தைத்துத் தைத்து முதுகு வளைய வேண்டியதில்லை. இரண்டு தரம் திருகோணமலை நகரத்துக்குத் தெரிவுக்குப் போனாள். தெரிவுக்குழுத் தலைவி சித்தி பரீதா (சித்தி என்பது பெயர்தான், யாருக்கும் உறவு அல்ல) இரண்டு தரமும் ஒன்றையே சொன்னார்: "நல்லாத்தான் ஆடுறீங்க. ஆனா போட்டியில உங்கட பந்தால ஒரு கோலும் விழல்லையே." கோல் விழாததற்குக் கொடுத்தவள் எப்படிப் பொறுப்பு என்று கேட்க அந்த மேசையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்த தெரிவுதான் அவளுக்குக் கடைசி. அவள் ஷிஃபானாவிடம் போனாள்.

"ஒண்டே ஒண்ட அடிச்சுத் தாங்க, புள்ள. எனக்கு அது போதும்."

"வாப்பா ஏசுவார் ராத்தா. ஏலாது" என்று ஷிஃபானா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

இதற்கிடையில் அந்தரத்தில் நிற்கும் பந்துகளைப் படம் எடுக்க வெளியூர்க்காரர் வரத் தொடங்கியதும் கழகத்துக்குப் பெருமை தலைக்கேறியது. வேறு ஊராக இருந்தால் வெட்கப்பட்டு ஒரு படங்கையாவது போட்டு மூடியிருப்பார்கள். எங்கள் ஊர் திறப்பு விழா வைத்தது. பந்தல், ஒலிபெருக்கி, அதிதிகளுக்கு வெள்ளைத் துணி போர்த்த கதிரைகள், வெட்டுவதற்கு ரிப்பன், திரை நீக்குவதற்கு ஒரு பளிங்குக் கல். கல்லில் ஹாஜியாரின் பெயர் பெரிதாகவும், பிரதம அதிதி சித்தி பரீதாவின் பெயர் அதற்கடுத்தும், கீழே 'வீராங்கனை ஷிஃபானா ஏற்படுத்திய வாய்ப்புகள்' என்றும் வெட்டியிருந்தார்கள். அஸ்மியாவுக்கும் ஒரு பொறுப்புக் கொடுத்திருந்தார்கள்: அதிதிகளுக்குக் குளிர்பானம் பரிமாறுவது.

வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, வாழ்த்துரைக்கு நன்றியுரை. முனீப் சேர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, தவறவிடாமல் காத்து வைக்கப்பட்ட வாய்ப்புகள் உலகத்தில் வேறெங்கும் இல்லை என்றார். அது உண்மைதான். ஷிஃபானாவைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்நேரம் அஸ்மியா தட்டை ஏந்திக்கொண்டு அவளுக்கு முன்னாலும் வந்து, "எடுங்க புள்ள" என்று ஒரு குவளையை நீட்டினாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் ஷிஃபானாவுக்குத் தாங்கவில்லை. பொன்னாடையை உருவி வாப்பாவின் மடியில் போட்டாள், ரிஸ்னாவின் ஸ்டிக்கைப் பிடுங்கிக்கொண்டு பளிங்குக் கல்லைத் தாண்டிப் போனாள்.

கண்ணைத் திறந்தபடியே முதல் பந்தை அடித்தாள். அது வலைக்குள் பாய்ந்தது.

"இது கிண்ணியா டீமோட ஆடக்குள்ள அஸ்மியா ராத்தா தந்தது" என்று மைதானம் கேட்கச் சொன்னாள். "நான் விட்டனான்."

இரண்டாவது பந்துக்கும் அதையே சொன்னாள், மூன்றாவதுக்கும் சொன்னாள். வலை அசைய அசைய ஊர் எழுந்து நின்று கைதட்டியது. சற்று முன்பு வாழ்த்துரைக்குத் தட்டிய அதே கைகள். ஹாஜியார் "மகள், போதும் வாங்க" என்று கெஞ்சினார். சித்தி பரீதா குளிர்பானத்தைக் கீழே வைத்துவிட்டுக் கோட்டருகே வந்தார்.

"இத்தனையும் இவதானா தந்தவ?"

"ஓம். எல்லாம் இவதான்" என்றாள் ஷிஃபானா. மூச்சு வாங்கியது, அழுதும் இருந்தாள்.

பழைய தோல்விகள் ஒன்றும் வெற்றியாக மாறவில்லை. அந்தப் போட்டிகள் எப்போதோ முடிந்துவிட்டன. ஆனால் அஸ்மியாவை எடுக்காமல் விடுவதற்குத் தெரிவுக்குழுவிடம் இனி ஒரு காரணமும் மிஞ்சவில்லை. மாகாண அணியில் நடுக்களம் உங்களுக்குத்தான் என்று சித்தி பரீதா அங்கேயே சொன்னார். இரண்டு தரம் திருப்பி அனுப்பியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. தெரிவுக்குழுக்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அஸ்மியா தட்டைப் பிரதம அதிதியின் கதிரையிலேயே வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கடைசியில் ஒரு பந்து எஞ்சியது. கோலுக்கு மிகக் கிட்ட, குழந்தைகூட அடிக்கக்கூடிய இடத்தில். ஊர் முழுவதும் தன்னையே பார்க்க, ஷிஃபானா ஸ்டிக்கை ஓங்கினாள், கண்ணை மூடினாள், வீசினாள். ஸ்டிக் காற்றை வெட்டியது. அழுதுகொண்டிருந்த அஸ்மியா வெடித்துச் சிரித்தாள். பிறகு ஷிஃபானாவும் சிரித்தாள். பந்து ஒரு சாண் உயரத்தில் அப்படியே நின்றது.

அஸ்மியா இப்போது கொழும்பில். ஷிஃபானா ஹொக்கியை விட்டுவிட்டு ஹாட்வெயார் கடையைப் பார்க்கிறாள். வியாபாரத்தில் கண்ணை மூடுவதில்லை என்று கேள்வி. பந்து இன்னும் அங்கேதான். புல் வெட்டுகிறவர் அதைச் சுற்றி வெட்டுகிறார், எங்கள் கோல் காப்பாளர்கள் அதற்குச் சற்று இடப்பக்கமாக நின்று பழகிவிட்டார்கள், வெளியூர் அணிகளுக்கு ஆட்டம் தொடங்கும் முன் கால் தடுக்காமல் பார்த்து ஓடும்படி சொல்லிவிடுகிறோம்.