அப்பாவின் பெயர்

வாசலில் ஒலிவ மாலை தொங்கியது. அதைப் பார்த்தாலே பிறந்தது பையன் என்று தெருவுக்கே தெரியும். அன்று பத்தாம் நாள், பெயர் வைக்க வேண்டும். ஏதென்ஸ் துறைமுகத்துச் சொந்தபந்தமெல்லாம் கணவாய் மீனோடு வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டது. பெயர் சொல்ல வேண்டிய அப்பா ஒனேசிமோஸ் மட்டும் பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், அதுதான் வழக்கம். ஒனேசிமோஸுக்கோ தன் அப்பா பெயர் தெரியாது. பால்பல் விழும் முன்பே அவனைச் சந்தையில் விற்றுவிட்டார்கள். வாங்கியவர் பழைய பெயரைக் கேட்கவில்லை. 'பயன்படுகிறவன்' என்று அர்த்தம் வரும்படி ஒனேசிமோஸ் என்று கூப்பிட்டார். எத்தனையோ அடிமைகளுக்கு அந்தப் பெயர்தான். குடத்துக்கும் கோடரிக்கும் பெயர் வைத்தாலும் அப்படித்தான் வைத்திருப்பார்கள். விடுதலையாகி, செருப்புக் கடை போட்டு, மெலித்தாவைக் கட்டிய பிறகும் அது அவனை விடவில்லை.

"பெரிய இடத்துப் பேரா ஒண்ணு சொல்லிடறேன். யாருக்குத் தெரியப்போகுது?" என்று மனைவியிடம் கிசுகிசுத்தான்.

"வீட்டு நெருப்பு முன்னால பொய்யா? பிள்ளை காலம்பூரா அதைத்தான் சுமக்கணும்," என்றாள் மெலித்தா.

மாமனார் எவுத்திமோஸ் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். "மாப்பிள்ளை, மீன் ஆறிப்போகுது. உங்கப்பா பேரைச் சொன்னீங்கன்னா சாப்பிடலாம்."

ஒனேசிமோஸ் பிள்ளையை வாங்கிக்கொண்டு நெருப்பருகே வந்து நின்றான். வாய்வரை வந்த பொய் அந்தச் சின்ன முகத்தைப் பார்த்ததும் உள்ளேயே தங்கிவிட்டது.

"எங்கப்பா பேர் எனக்குத் தெரியாது," என்றான்.

மாமனார் தொண்டையைச் செருமினார்.

"அதுக்கென்ன மாப்பிள்ளை. எனக்கு ஆம்பளப் பிள்ளை இல்லை, என் பேர் சும்மாதானே கிடக்கு. எடுத்துக்குங்க. மூக்கு மட்டும் என்னோடது வேண்டாம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒனேசிமோஸும் சிரித்துக்கொண்டே "எவுத்திமோஸ்" என்று உரக்கச் சொன்னான். ஆனால் தன் பக்கத்திலிருந்து பிள்ளைக்குக் கொடுக்க ஒன்றுமில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது.

மெலித்தாவுக்கு அது தெரியாதா? பக்கத்தில் வந்தாள். "ஏன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கறீங்க? நாளைக்கு இவனுக்கு ஒரு பையன் பிறந்தா என்ன பேர் வைப்பான்?"

அப்பாவைப் பெற்றவர் பெயர். ஒனேசிமோஸுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஒனேசிமோஸ்," என்றான் மெதுவாக. "அது எங்கேருந்து வந்த பேருன்னு யாராவது அந்தப் பேரனைக் கேட்டா?"

"எங்க தாத்தா பேருன்னு சொல்லுவான்."

ஒனேசிமோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெங்காயம் என்றான். யாரும் நம்பவில்லை.