கறவை வற்றிய மாடு ஆனையூருக்குப் பால் ஊற்றிய கதை

1

இந்தக் கதை எனக்கு ஒரு பால் பாக்கெட்டிலிருந்து கிடைத்தது. தரிசனம், உத்வேகம் எல்லாம் பெரிய எழுத்தாளர்களுக்கு. எனக்குக் கிடைத்தது அரை லிட்டர், அதுவும் ஓரத்தில் ஒழுகியது.

வருடம் 2007. எங்கள் ஆனையூரில் வெங்கடேஷ்பாபு பால் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். (கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். நான் கற்பனை செய்த கம்பெனிதான், இருந்தாலும் பயம்.) பாக்கெட்டில் ஒரு எண் இருக்கும். அதை செல்போனில் மெசேஜ் அனுப்பினால், அந்தப் பால் எந்த ஊரில், யார் வீட்டில், எந்த மாட்டிடம் கறந்தது என்று பதில் வரும். இணையத்தில் மாட்டின் படமும் உண்டு. ‘உங்கள் பாலின் பாதையில் ஒளிவுமறைவு இல்லை’ என்று கடை வாசலில் பேனர். மனிதர்களுக்கே பேனர் வைத்துப் பழகிய ஊரில் ஒரு மாடு சிரித்துக்கொண்டு நின்றது.

2

தொடக்கத்தைப் பலமுறை எழுதிப் பார்த்தேன்.

‘விடியலின் பொன்னொளியில், கழுத்து மணி குலுங்க—’

வேண்டாம். ஆனையூரில் விடியலில் கேட்பது தண்ணீர் மோட்டார் சத்தம்.

‘தகவல் தொழில்நுட்பம் நுகர்வோரையும் உற்பத்தியாளரையும் இணைக்கும் இக்காலகட்டத்தில்—’

இதற்குப் பரிசுகூடத் தருவார்கள். படிக்கத்தான் மாட்டார்கள்.

‘சந்தானம் வாந்தி எடுத்தார்.’

இது போதும்.

சந்தானம் குடித்தது அந்தப் பாக்கெட் பாலில் வைத்த பாயசம். அதே தெருவில் இன்னும் சில வீடுகளிலும் அன்று வாந்தி, வயிற்றுப்போக்கு. சந்தானத்தின் மனைவி வசுந்தரா இன்சூரன்ஸ் ஆபீஸில் க்ளைம் பிரிவு. சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்குகிறவர். கணவருக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே பாக்கெட் எண்ணை அனுப்பினார். பதில் வந்தது: தங்கப்பொண்ணு, உசிலம்பட்டி பக்கத்தில் ஒரு கிராமம், மாட்டின் பெயர் செவலை.

தெருக்காரர்களும் அனுப்பினார்கள். எல்லோருக்கும் அதே தங்கப்பொண்ணு, அதே செவலை.

3

பிரவுசிங் சென்டரில் மாட்டுப் படத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வசுந்தரா உசிலம்பட்டிக்கு பஸ் ஏறினார். கிராமத்தில் இறங்கி, நேராகப் பால் சொசைட்டி வாசலில் நின்று, பால் ஊற்ற வந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, “இங்க யாரு தங்கப்பொண்ணு? உன் பாலக் குடிச்சு எங்க தெருவே ஆஸ்பத்திரில கிடக்கு!” என்றார்.

சொசைட்டி செயலாளர் பால்பாண்டி (பெயர் தற்செயல்தான்) சத்தம் கேட்டு வந்த தங்கப்பொண்ணைப் பார்த்ததும் கையைத் தூக்கிவிட்டார். “ஏத்தா தங்கப்பொண்ணு, கன்னு போட்டதும் பாலத் தூக்கிக்கிட்டு இங்கிட்டு வந்துராத. கேஸு கீஸுன்னு அலைய நம்மளால ஆகாது.”

இந்த இடத்தில் தங்கப்பொண்ணு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுததாக எழுதியிருந்தேன். வசுந்தராவிடம் படித்துக் காட்டினேன். “அவ எங்க அழுதா? என்னயத்தான் அழ வச்சா” என்றார். அடித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். தங்கப்பொண்ணு பிரிண்டை வாங்கிப் பார்த்தாள்.

“யக்கா, இது காளை.”

வசுந்தரா மறுபடி பார்த்தார். காளைதான். நகரத்தில் யாரும் அவ்வளவு கீழே பார்க்கவில்லை.

“வாங்க, என் மாட்டக் காட்டுறேன்” என்று தொழுவத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். செவலை சினையாக, தரையில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. “ஏழு மாசச் சினை. கறவை வத்திப் போயி ரெண்டு மாசமாச்சு. காப்பிக்கே நான் கடையில வாங்குறேன். இவ உங்க ஊருக்கு எம்புட்டு ஊத்துனாளாம்?”

“அப்ப உன் பேரு எப்படி வந்துச்சு?”

“போன வருசம் ஒரு தம்பி வந்து என் பேரையும் மாட்டுப் பேரையும் கேட்டுச்சு. லோன் குடுக்கப் போறாகன்னு நெனச்சுல்ல சொன்னேன்! அந்தக் கம்பெனிக்கு நான் சொட்டுப் பாலு ஊத்துனதில்ல, யக்கா. இப்ப சொசைட்டியும் வேணாங்குது. கன்னு போட்டா பால எங்கிட்டுக் கொண்டுபோயி ஊத்துவேன்? எனக்குன்னு இருக்கது இந்த ஒரு மாடு.”

வசுந்தரா அந்த பிரிண்டாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேரைக் கெடுத்தது கம்ப்யூட்டர் மட்டும் இல்லை. சொசைட்டி வாசலில் கத்தியது அவர்.

4

[இங்கே பொருட்களின் வரலாறு, வெளிப்படைத்தன்மை, நம்பிக்கை பற்றி நீண்ட பத்தி ஒன்று இருந்தது. மாடு வண்டியில் ஏறிவிட்டதால் நீக்கிவிட்டேன்.]

ஆமாம், வண்டியில். வசுந்தரா ஒரு குட்டியானை பிடித்தார். மறுநாள் காலை, பால் வாங்கக் கூட்டம் நிற்கும் நேரத்தில், தங்கப்பொண்ணு செவலையை இறக்கி, வெங்கடேஷ்பாபு கடை வாசலில், அந்த பேனர் கம்பத்திலேயே கட்டினாள். நானும் பையோடு வரிசையில் நின்றேன்.

“ஆனையூருக்கே பால் குடுக்குற மாடு இதுதான். யாராச்சும் வந்து பீச்சிப் பாருங்க!”

யாரும் முன்வரவில்லை. செவலை எங்களைப் பார்த்தது. பிறகு ஒளிவுமறைவின்றிச் சாணி போட்டது.

வெங்கடேஷ்பாபு வெளியே ஓடிவந்தார். “ஏம்மா, மொதல்ல மாட்ட அவுத்துக்கிட்டுப் போ!”

“எம் பேர எடு. அவுக்குறேன்.”

சாஃப்ட்வேர் செய்த பாலமுரளியை வரவழைத்தார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் உண்மையைச் சொல்லிவிட்டான். “டெமோவுக்குன்னு இந்த அக்காகிட்ட பேரு கேட்டு, நெட்டுல கிடைச்ச மாட்டுப் படத்தோட போட்டேன். மிச்சப் பேரெல்லாம் தாங்கண்ணேன்னு வருசம் பூரா கேட்டேன். அண்ணன் தரவே இல்ல.”

[வசுந்தரா அவனைத் தங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் திட்டினார். எனக்கு அந்த மொழி தெரியாது. பாலமுரளியின் காது சிவந்ததை வைத்து நீங்களே மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள்.]

“நான் எங்கடா போயி பேரு தருவேன்?” வெங்கடேஷ்பாபு வாய்விட்டார். “டேங்கர் வருது, ஊத்துறான், போறான். எங்கிருந்து வருதுன்னு எனக்கே தெரியாது!”

வரிசையில் நின்ற நாங்கள் ஒருவர் கைப்பையை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“அதையே போடு” என்றார் வசுந்தரா. “தெரியாதுன்னு போடு.”

5

முதலில் எழுதிய முடிவு: செவலை கடை வாசலிலேயே கன்று ஈன்றது, கூட்டம் கைதட்டியது. ஏழு மாதத்தில் ஈன வைத்ததற்குத் தங்கப்பொண்ணு என்னை உதைப்பாள்.

இரண்டாவது: வெங்கடேஷ்பாபு தங்கப்பொண்ணின் காலில்— நான் அவரைப் பார்த்திருக்கிறேன். வாய்ப்பில்லை.

நடந்தது: அன்று மத்தியானத்திலிருந்து எந்தப் பாக்கெட் எண்ணை அனுப்பினாலும் ஒரே பதில்தான். ‘இந்தப் பால் எங்கிருந்து வருகிறது என்று எங்களுக்குத் தெரியாது. நன்றி.’ வசுந்தரா தங்கப்பொண்ணோடும் மாட்டோடும் குட்டியானையில் ஏறி மறுபடி அந்த ஊருக்குப் போனார். அதே சொசைட்டி வாசலில், அதே சத்தத்தில், தான் சொன்னது தப்பு என்று சொன்னார். பால்பாண்டி, “சத்தம் போடாதீங்கம்மா, கன்னு போடட்டும், எடுத்துக்கிறோம்” என்றார். தங்கப்பொண்ணு இரண்டு காப்பி வாங்கி வந்தாள். ஒன்றை வசுந்தராவிடம் நீட்டினாள். வசுந்தரா யோசிக்காமல் குடித்தார். சந்தானம் பிழைத்துக்கொண்டார், இப்போது பால் சேர்க்காத கட்டங்காப்பிதான்.

6

வெங்கடேஷ்பாபுவுக்கு மட்டும் முடிவு கிடைக்கவில்லை. பால் எங்கிருந்து வருகிறது என்று தானே கண்டுபிடிக்க ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டார். டேங்கர்காரர் ஒரு ஏஜெண்டைக் காட்டினார். ஏஜெண்ட், பரவையில் ஒரு குடோனைக் காட்டினார். அங்கே பவுடர் மூட்டைகளும் எண்ணெய் டிரம்களும் இருந்தனவாம். “இதுல பாலு எங்கய்யா?” என்று கேட்டாராம். இன்னும் அங்கிட்டுப் போங்க என்று திண்டுக்கல் ரோட்டைக் காட்டினார்களாம். இதைச் சொல்லி பாலமுரளிக்கு அவர் போட்டதுதான் கடைசி போன்.

அந்த ரோட்டில் அவரை நிறுத்திவிட்டு நான் பேனாவை மூடுகிறேன். அவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று நீங்கள் எழுதுங்கள். எனக்குத் தைரியம் இல்லை, நானும் அந்தப் பாலைத்தான் குடித்தேன்.

உங்கள் முடிவில், தயவுசெய்து, ஒரு மாடாவது இருக்கட்டும்.