சொர்ணத்துக்கு ரயில் விட்டார்கள்

கொம்பையாவின் மனைவி சொர்ணம் வட்டாரப் போக்குவரத்துத் திட்டத்தில் முதலிடம் பிடித்ததிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. வர முடியாது. இப்போது அவள்தான் எல்லோரும் போய்ச் சேர வேண்டிய இடம்.

நடந்தது இதுதான். கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டார்கள். இன்னும் நாற்பது வருஷம் கழித்து இந்தப் பக்கத்து ஜனங்கள் எதில் ஏறிப் போக வேண்டும் என்று இப்போதே தெரிந்துகொள்ள வேண்டுமாம். சுவரில் மூன்று படங்கள் மாட்டியிருந்தார்கள். பஸ், ரயில், படகு. ஆளுக்கொரு சிவப்பு வட்டம் கொடுத்தார்கள். பின்பக்கம் பசை இருந்தது. எதற்கு முதலில் பணம் போட வேண்டுமோ அந்தப் படத்தில் ஒட்டச் சொன்னார்கள்.

முடிவு செய்துவிட்டுத்தான் கருத்துக் கேட்பார்கள் என்பது கொம்பையாவுக்குத் தெரியும். அவர் வட்டம் வாங்கவில்லை. சமோசா மட்டும் வாங்கினார்.

சொர்ணம் வாங்கினாள். வெயிலில் வந்ததில் அவள் நெற்றிப் பொட்டு வியர்வையோடு எங்கேயோ விழுந்திருந்தது. பரவாயில்லையே, பொட்டெல்லாம் கொடுக்கிறார்களே என்று எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டாள்.

எண்ணிப் பார்த்தார்கள். மூன்று படத்திலும் வட்டங்கள் சரிசமமாக இருந்தன. மீதி இருந்தது சொர்ணத்தின் நெற்றியில் இருந்த ஒன்றுதான்.

"ஒட்டின இடம் ஒட்டின இடம்தான்" என்றாள் ஜெபராணி. அவள் திட்ட அலுவலர். சின்னப் பெண். "அம்மாதான் முதல் முன்னுரிமை. உக்காருங்கம்மா. இனிமே எல்லாம் உங்களைத் தேடித்தான் வரும்."

"எல்லாம்னா?"

"பஸ், ரயில், படகு. மூணும்."

சொர்ணம் உட்கார்ந்தாள். நாற்காலி போட்டுக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது.

மண்டபம் வீட்டுக்கு எதிரேதான். அன்று சாயங்காலம் கொம்பையா தெருவைத் தாண்டிப் போனார். அவள் அவரை அண்ணாந்து பார்க்கச் சொல்லி, இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டாள். அது தினமும் அவள் செய்கிற வேலை. பிறகு அவர் வீட்டுக்கு வந்து படுத்தார்.

மறுநாள் ஜெபராணி வாசலில் வந்து நின்றாள்.

"பெரியவரே, நேத்து அம்மாகிட்ட எப்படிப் போனீங்க?"

"நடந்துதான்."

"அதான் சிக்கல். நடந்து போற தூரத்துக்கு யாராவது ரயில் விடுவாங்களா?"

"ரயிலு யாரு கேட்டா?"

"அம்மா கேட்டிருக்காங்க."

"அவ பொட்டுல்லா வச்சா."

"போடுற பணத்துக்குத் தகுந்த தூரம் வேணும்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். "கொஞ்சம் தள்ளி வைக்கிறோம்."

வைத்தார்கள். அன்று சாயங்காலம் கொம்பையா தெருவில் இறங்கி நடந்தார். எதிர்வரிசை வீடுகள் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. நடுவில் ஒரு கருவேலங்காடு வந்தது. அதைத் தாண்டினால் ஒரு மலை. மலைமேல் ஏறிப் பார்த்தால் மண்டபத்து வாசலில் அவள் சேலையின் நிறம் மட்டும் தெரிந்தது. அவர் கையை ஆட்டினார். வெகுநேரம் கழித்து அவளும் ஆட்டினாள்.

அது பஸ்ஸுக்குப் போதும், ரயிலுக்குப் போதாது என்றார்கள். இன்னும் தள்ளி வைத்தார்கள். படகுக்குத் தண்ணீர் வேண்டுமே என்று ஓர் ஆற்றை லாரியில் கொண்டுவந்து குறுக்கே போட்டார்கள். ஆறு புதிதாக இருந்ததால் மீன் இல்லை.

கொம்பையா திட்ட ஆபீசுக்குப் போனார். ஆபீஸ் நடைபாதை நீளமாக இருந்தது. உள்ளே போகப் போக இன்னும் நீண்டது. சுவரோரம் காத்திருந்தவர்கள் சிலர் அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஜெபராணி உட்கார்ந்திருந்தாள்.

"அவளக் கடைசி எடத்துல போடும்மா. எங்களுக்கு முதலிடம் வேண்டாம்."

"கடைசி இடம் நடந்து போறதுக்கு. நடைக்குப் பணம் ஒதுக்கல. பணம் ஒதுக்காதது திட்டத்துல இல்ல. திட்டத்துல இல்லாத இடத்துல அம்மாவை எப்படிப் பெரியவரே விட்டுட்டு வர்றது? மனசு வருமா?"

கொம்பையா யோசித்தார். படித்தவர்களிடம் நேராகக் கேட்டால் பதில் வராது. சுற்றிவளைத்துத்தான் கேட்க வேண்டும்.

"பஸ்ஸு, ரயிலு எல்லாத்தையும் விட்டும் ஒருத்தரும் ஏறலேன்னா?"

"ரத்து பண்ணிடுவோம்."

"அப்ப அவ வீட்டுக்கு வந்துருவாளா?"

"வந்துடுவாங்க."

அது போதும் அவருக்கு. தான் ஏறுவதில்லை என்று முடிவு செய்தார். தான் ஏறினால் அவன்களுக்குக் கணக்கு சரியாகிவிடும். பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. ரயில் வந்தது. அதிலும் ஏறவில்லை. படகுக்காரன் கூப்பிட்டுப் பார்த்தான். அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பக்கத்து வீட்டு மாசானம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தான்.

"என்னவே கொம்பையா, அவனவன் பொண்டாட்டிக்கு வளையலு வாங்கிக் குடுக்கான். நீரு ரயிலுல்லா விட்டிருக்கீரு!"

"நான் எங்கவே விட்டேன்? நீரு எங்க கெளம்பிட்டீரு?"

"சொர்ணத்துக்குத்தான். எல்லாரும் போறாவ. நானும் ஒரு எட்டு பாத்துட்டு வாரேன்."

"ஏறாதயும்வே. ஒரு ஆளும் ஏறலேன்னா அவ வந்துருவா."

"ஒரு ஆளா? உள்ள எட்டிப் பாரும்."

உள்ளே நிற்க இடமில்லை. சன்னலோரம் இட்லிப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மாசானம் அதற்குள் தன்னைச் சொருகிக்கொண்டான்.

போனவர்கள் திரும்பி வந்து நல்ல இடம் என்றார்கள். காற்றோட்டமாக இருக்கிறது என்றார்கள். அங்கே கத்தரிக்காய் சல்லிசு என்று மாசானம் ஒரு பை நிறைய வாங்கி வந்திருந்தான்.

"அவ சாப்புட்டாளாவே?" என்று கேட்டார் கொம்பையா.

"அதக் கவனிக்கலையே. கூட்டம்லா."

அன்று அவர் தானே மருந்து விட்டுப் பார்த்தார். முதல் சொட்டு காதுக்குப் போனது. இரண்டாவது சொட்டு தலையணைக்குப் போனது. மூன்றாவது விட மனசு வரவில்லை. குப்பியை மூடி வைத்தார்.

மறுநாள் ரயில் ஏறினார்.

டிக்கெட் பரிசோதகர் வந்து அவருக்கு ஒரு கும்பிடு போட்டார். "நீங்க ஒருத்தர்தான் ஏறாம இருந்தீங்க. திட்டம் இன்னைக்கு முழுசாயிட்டு" என்றார். கொம்பையா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரயில் போனது. கருவேலங்காடு, மலை, மீனில்லாத ஆறு எல்லாம் வந்தன, போயின. பிறகு பேரில்லாத ஒரு ஸ்டேஷனில் நின்றது. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு ரயில் வந்து பக்கத்தில் நின்றது. சன்னலுக்கு நேரே சன்னல். அதில் சொர்ணம் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள்.

"நீங்க எங்க போறிய?" என்றாள்.

"ஒன்னப் பாக்கத்தான்."

"நான் ஒங்களப் பாக்கல்லா வாரேன்."

"விட்டுட்டானுவளா?"

"காலைல திடீர்னு வந்து, நீங்க போலாம்மான்னு சொல்லிட்டாவ. ஏன்னு கேக்கல. கேட்டா மாத்திருவாவன்னு ஓடி வந்து ஏறிட்டேன்." அவள் அவரையே பார்த்தாள். "ஒவ்வொரு ரயிலு வரும்போதும் எட்டி எட்டிப் பாத்தேன். எல்லாரும் வந்தாவ. மாசானங்கூட வந்தாரு. நீங்க மட்டும் வரல."

"நான் ஏறலேன்னா நீ வந்துருவன்னுதான்..."

"அத யாருட்டயாவது சொல்லி விட்டிருக்கலாமே."

அவருக்கு அது தோன்றவேயில்லை. யாரையும் நம்பிச் சொல்லி விட்டுப் பழக்கமில்லை.

"சரி, எறங்கு."

"கதவு அந்தப் பக்கமுல்லா இருக்கு."

அவருக்கும் கதவு மறுபக்கம்தான் இருந்தது. எழுந்து ஆட்களை இடித்துக்கொண்டு போனார். கதவை அடைவதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. அவள் இருந்த ரயிலும் கிளம்பியது. இரண்டும் நேரத்துக்குக் கிளம்பின.

போய்ச் சேர்ந்த இடத்தில் நாற்காலி காலியாக இருந்தது. ஜெபராணி பக்கத்தில் நின்றாள். ஒரு பெயிண்டர் ஏணியில் நின்று பலகையில் சொர்ணம் என்பதை அழித்துவிட்டு, கொம்பையா என்று எழுதிக்கொண்டிருந்தான்.

"உக்காருங்க பெரியவரே. இடம் ஆளில்லாம இருக்கக் கூடாது."

"திரும்பிப் போற ரயிலு எப்ப?"

"நீங்க போயிட்டா அப்புறம் வர்ற ரயில் எங்க வரும்?"

"அவளை மட்டும் விட்டியே."

"நீங்கதான் அவங்களுக்குப் பதிலா கிளம்பி வந்துட்டீங்களே."

"அப்பம் அவ திரும்ப ஏறினா?"

"உங்களை விட்டுடுவோம். எதிர்த்த ரயில்ல."

கொம்பையா உட்கார்ந்தார். காற்று நன்றாகத்தான் வீசியது. கத்தரிக்காய் விற்றுக்கொண்டிருந்தார்கள். அடுத்த ரயில் வந்து நின்றது. ஜனங்கள் இறங்கி அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருத்தன் அவர் தோளில் கை வைத்துச் செருப்பைச் சரிசெய்துகொண்டான்.

சொர்ணம் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பாள். மறுபடி ஏற மாட்டாள். இனிமேல் அவர்தான் வரவேண்டும் என்று அங்கேயே இருந்துவிடுவாள். வாசல் படலைத் திறந்து படியேறியிருப்பாள். கைகால் கழுவ வேண்டும், ஒரு வாய் கஞ்சி வைத்துக் குடிக்க வேண்டும் என்று நினைத்திருப்பாள்.

அவர் இடுப்பைத் தடவிப் பார்த்தார். வீட்டுச் சாவி அங்கே இருந்தது.