பேசாத இடம்

ஆனது ஆகட்டும் என்று டோரதி பிரேசர் டவுனில் ஆட்டோ பிடித்து, தொம்மலூர் வீடியோ ஆபீசுக்கே வந்துவிட்டாள். வீடியோவுக்குக் கீழே கமெண்ட் எழுதி எழுதி அலுத்துவிட்டது. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

மருத்துவ மாணவர்களுக்கு இணையத்தில் போடும் பாடம் அது. நோயாளி இறந்த செய்தியை வீட்டாரிடம் டாக்டர் எப்படிச் சொல்ல வேண்டும் என்பது. நர்சிங் காலேஜில் பாடம் எடுக்கும் டோரதியும் டாக்டர் அன்னாவும் சேர்ந்து எழுதினார்கள், நடித்ததும் அவர்களே. அன்னா டாக்டர், டோரதி கணவனைப் பறிகொடுத்தவள். நடிக்க என்ன இருக்கிறது, அவள் கணவன் கிளெமென்ட் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி டாக்டர் நின்றபடியே சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பாவம், அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். சொன்ன பிறகு பேசாமல் கூடவே உட்கார வேண்டும் என்று பாடத்தில் டோரதி அடம்பிடித்துச் சேர்த்தது அதனால்தான்.

வீடியோவை வெட்டி ஒட்டும் கவியரசன் அந்த இடத்தைத்தான் கத்தரித்திருந்தான். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது, அது அவன் கைப்பழக்கம்.

“பேச்சு இல்லன்னா பசங்க தள்ளிவிட்டுப் போயிடுவாங்க சிஸ்டர். எல்லா லெக்சர்லயும் கட் பண்ணிடுவேன்.”

“இதுல அதுதாம்ப்பா லெக்சரே. என் வீட்டுக்காரர் போனப்ப எங்கூட யாரும் உக்காரல.” அவள் திரையைக் காட்டினாள். “ஸ்வல்ப, கொஞ்சம் பாத்து, அதைத் திருப்பிப் போட்டுடு.”

வெட்டாத பதிவைத் தேடியெடுத்து ஓடவிட்டான்.

திரையில் அன்னா சொல்லி முடித்தாள். டோரதி தலை கவிழ்ந்தாள். படம் பிடித்த அன்று அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள்; எதிரே என்ன நடந்தது என்று இப்போதுதான் பார்க்கிறாள். அன்னா எழுந்து, சத்தம் வராமல் நாற்காலியைத் தூக்கி அவளருகே போட்டு உட்கார்ந்தாள். தோளைத் தொடக் கை நீட்டித் தயங்கினாள். பிறகு குனிந்து, தரையில் புரண்டுகொண்டிருந்த டோரதியின் முந்தானையை எடுத்து, தூசி தட்டி, தன் மடியில் வைத்துக்கொண்டாள். உட்கார வேண்டும் என்பதைத் தவிர இதெல்லாம் அவர்கள் எழுதியதில் இல்லை.

“இவங்க இப்படி உக்காந்திருந்தது எனக்குத் தெரியவே தெரியாதுப்பா,” என்றாள் டோரதி.

“இருக்கட்டும் சிஸ்டர். ஒண்ணும் வெட்ட மாட்டேன்.”

திரையில் இன்னும் யாரும் பேசவில்லை. டோரதி தன் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.