நேரில் கொண்டுவந்தால்

கணினிப் பிரிவு செய்து தரும் வேலைக்கு இனி அந்தந்தப் பிரிவின் பட்ஜெட்டில் கழிக்க வேண்டும் என்று மேலிடம் முடிவெடுத்தது. ஒரே கம்பெனிக்குள் இந்தப் பையில் எடுத்து அந்தப் பையில் போடுகிற விளையாட்டு. அதை மென்பொருளில் அமைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. கடவுச்சொல் மாற்றித் தந்தால் இவ்வளவு, மடிக்கணினிக்கு மாதம் இவ்வளவு, இருக்கைக்கே போய்ப் பார்த்தால் இவ்வளவு.

விலைகளை ஏற்றியதும், சோதனைக்காகப் போன வருடப் புகார்களை அதில் ஓட்டிப் பார்த்தேன். மூன்றாம் மாடி வரைபடப் பிரிவின் தொகைதான் எல்லோருக்கும் மேலே நின்றது. ஐம்பத்திரண்டு புகார்கள், அதில் நாற்பத்தேழு ஒரே ஆள் போட்டவை. மவுஸ் தடுமாறுகிறது, திரை மங்குகிறது, கீபோர்டு ஒட்டுகிறது. எல்லாவற்றுக்கும் போனது நான். முடித்த குறிப்பில் நானே எழுதியிருக்கிறேன்: கோளாறு எதுவும் இல்லை.

எனக்குத் தெரியாதா என்ன? அவர் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு நின்றபடியே பேசிக்கொண்டிருப்பார். நானும் ஐந்து நிமிட வேலையை அரைமணி நேரம் இழுப்பேன். நாற்பது வயதுக்கு மேல் இதெல்லாம் தேவையா என்று என்னையே திட்டிக்கொள்வேன். திட்டிக்கொண்டேதான் படியேறுவேன்.

இனி ஒவ்வொரு தடவைக்கும் அவர் பிரிவுத் தலைவர் சம்மதிக்க வேண்டும். இல்லாத கோளாறுக்குச் சம்மதம் கேட்டு அவர் என்னைக் கூப்பிடப் போவதில்லை. மூன்றாம் மாடிக்கு மட்டும் விலையைக் குறைத்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. அந்த அளவுக்கு நான் இறங்கவில்லை. பட்டியலின் கடைசியில், பதினோராவது வரியாக ஒன்றைச் சேர்த்தேன்: பொருளை நேரில் கொண்டுவந்தால் கட்டணம் இல்லை.

மேலாளர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "இதுக்கு மட்டும் ஏம்மா சைபர்?"

"நடக்கறது அவங்க. அதுக்கு நமக்கு எதுக்கு சார் காசு?"

"அதுவும் சரிதான்," என்று ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

பட்டியல் எல்லோருக்கும் போனது. முதல் வாரம் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு புகாரும் இல்லை. இரண்டாம் வாரமும் இல்லை. இந்த மாதிரிப் பட்டியலை யார் கடைசி வரி வரை படிக்கிறார்கள்? வரைபடப் பிரிவின் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். அந்த முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும் என்றிருந்தது. வீண் புகார்கள் ஒழிந்தன என்று மேலாளர் எல்லோர் முன்பும் என்னைப் புகழ்ந்த அன்று, அழுகையை அடக்கிக்கொண்டு வீடு வந்தேன்.

"ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்க? ஆபீஸ்ல யாராவது திட்டினாங்களா?" என்றாள் அண்ணி.

"பாராட்டினாங்க அண்ணி."

இருபத்திரண்டாம் நாள் மதியம், கீபோர்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் எங்கள் கவுண்டரில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் ஓடி இறங்கியிருக்கிறார்.

"அந்தப் பட்டியலை இன்னைக்குத்தான் முழுசாப் படிச்சேன்," என்றார். "பத்து வரியிலயே மனசு விட்டுப்போய் மூடி வெச்சுட்டேன். பதினோராவது நீங்க எழுதினதா?"

"ஏன், தப்பா?"

"தப்பு என் மேலதான். மூணு வாரம் போச்சே."

கீபோர்டை வாங்கி இணைத்துத் தட்டிப் பார்த்தேன். ஒவ்வோர் எழுத்தும் ஒழுங்காக விழுந்தது. கோளாறு எதுவும் இல்லை என்று குறிப்பு எழுதப் போன கையை நிறுத்தினேன்.

"இது ஒரே நாள்ல சரியாகிற கோளாறு இல்ல," என்றேன். "நாளைக்கும் எடுத்துட்டு வாங்க."