சம்பந்தியம்மாவின் தலையெண்ணெய்க் கறை

மாப்பிள்ளை வீட்டார் வந்த கார் தெருமுனையைத் தாண்டுவதற்குள் கவிதா கூடத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டாள். அவள் செய்த தப்பு அவ்வளவுதான். கொலையில்லை, களவில்லை. ஆனாலும் திண்டிவனத்திலிருந்து வானூர் வரைக்கும் பரவிக் கிடந்த உறவுக்காரர்கள் அத்தனை பேரும் அதற்கப்புறம் வேறு பேச்சே பேசவில்லை.

வீட்டிலிருந்து ஒருவர் கிளம்பினால் அவர் போய்ச் சேருகிற வரைக்கும் விளக்குமாற்றைத் தொடக் கூடாது. கிளம்பின கையோடு வீட்டைக் கழுவிவிடுவது ஒரே ஒரு சமயத்தில்தான். பிணம் போன பிறகு. இது கவிதாவுக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். வல்லம் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைப் பயிர் போடுகிற குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். ஆனால் அன்றைக்கு மேற்கு வாசல் வழியாகச் சாயங்கால வெயில் பொன்னாக உள்ளே விழுந்திருந்தது. அந்த வெயிலில் ஈரத் தரை எப்படி மின்னும் என்று அவளுக்குத் தெரியும். வெளிச்சம் போய்விடுமே என்கிற பதைப்பில் மற்றதெல்லாம் மறந்துவிட்டது. வீடியோ எடுப்பவர்களுக்கு வருகிற வியாதி இது.

ஆமாம், அவள் வீடியோ எடுப்பவள். ‘பளிச் கவிதா’ என்றால் ஆறு லட்சம் பேருக்குத் தெரியும். புருஷன் ஜெகதீசன் செஞ்சி ரோட்டில் மோட்டார் கடை வைத்திருக்கிறான். அவன் கடைக்குப் போன பிறகு நாள் முழுக்க அவள் பெருக்கினாள், துடைத்தாள், தேய்த்தாள். காலையில் துடைத்த கூடம் பத்து மணிக்கெல்லாம் பழையபடி ஆகிவிடும். அவள் செய்த வேலையை யாரும் பார்த்ததில்லை, செய்யாத வேலையை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள். ஒரு நாள் சும்மா விளையாட்டாக, கரி பிடித்த பால் குண்டானைப் புளி போட்டுத் தேய்த்ததைப் படம் பிடித்துப் போட்டாள். வீட்டில் அந்தக் குண்டான் மறுநாளே கரியாகிவிட்டது. போனில் மட்டும் அது பளபளவென்று அப்படியே இருந்தது. அந்தச் சுகம் அவளைப் பிடித்துக்கொண்டது.

பார்க்கிறவர்களுக்கும் அதே சுகம்தான். குவைத்தில் வீட்டு வேலை செய்கிற ஒரு பெண் இவள் வீடியோவைப் பார்த்தால்தான் தூக்கம் வருகிறது என்று எழுதுவாள். திட்டுகிறவர்களுக்கும் குறைவில்லை. வேலைவெட்டி இல்லாதவள் என்றார்கள், தண்ணீரை வீணடிக்கிறாள் என்றார்கள். பெண்களை மறுபடியும் அடுப்படியில் கட்டிப்போடுகிறாள் என்று ஒரு பேராசிரியை தனி வீடியோவே போட்டார். கவிதாவுக்கு அதைக் கேட்டுச் சுள்ளென்று கோபம் வந்தது. நான் வீடியோ எடுக்காவிட்டால் மட்டும் எங்கள் வீட்டுப் பாத்திரம் தானாகவா தேய்ந்துவிடும் என்று ஜெகதீசனிடம் கேட்டாள். அவன் வழக்கம்போலக் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

இந்த நிலையில்தான் நாத்தனார் கலைப்பிரியாவுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை திருமுருகன், விழுப்புரத்தில் டிராக்டர் கம்பெனி சர்வீஸ் பிரிவில் வேலை. அப்பா இல்லை, அம்மா கிருஷ்ணவேணி மட்டும். பெண் பார்க்க வந்தார்கள், பிடித்துப்போனது. பிள்ளையும் பெண்ணும் அப்புறம் போன் நம்பர்கூட வாங்கிக்கொண்டார்கள். தட்டு மாற்றத் தேதி சொல்லி அனுப்புகிறோம் என்று சிரித்த முகத்தோடுதான் கிருஷ்ணவேணி காரில் ஏறினாள்.

அடுத்த நாள் அந்த வீடியோ வந்தது. விருந்தாளி போனதும் வீட்டைப் பளிச்சென்று ஆக்குவது எப்படி என்று தலைப்பு. தொடக்கத்திலேயே வாசல் வழியாகக் கார் தெரிந்தது, நம்பரோடு. “போய்ட்டு வர்றோம்மா” என்கிற கிருஷ்ணவேணியின் குரலும் கேட்டது. அதன்மேல் சளாரென்று ஒரு வாளித் தண்ணீர். பிறகு அவித்த மல்லாட்டையின் தோல், காபி டம்ளர் வைத்த வட்டம் எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில்தான் உச்சகட்டம். வெளிர் நீலச் சுவரில், கிருஷ்ணவேணி சாய்ந்து உட்கார்ந்திருந்த இடத்தில், தலையெண்ணெய் பட்டு ஒரு கறை. அதைக் கிட்டக் காட்டி, சோடா மாவைத் தடவி, ஈரத் துணியால் ஒரே இழுப்பில் துடைத்தெடுத்தாள். அப்படித் திருப்தியான துடைப்பு அவளுக்கே அதுவரை அமைந்ததில்லை. வீடியோ காட்டுத்தீயாகப் பரவியது.

விழுப்புரத்துக்கும் அது போய்ச் சேர்ந்தது. சம்பந்தம் வேண்டாம் என்று மூன்றாம் மனிதர் மூலமாகத் தகவல் வந்தது. கலைப்பிரியா யாரையும் திட்டவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், அண்ணி வைத்த சாப்பாட்டை மட்டும் தொடவில்லை. திட்டுகிற வேலையை ஜெகதீசனின் பெரியப்பா கண்ணையன் எடுத்துக்கொண்டார். வானூரிலிருந்து அதற்கென்றே பஸ் பிடித்து வந்தார். சேனலை மூட வேண்டும், போனைப் பிடுங்கி வைக்க வேண்டும், வீட்டு ஆம்பளைகள் நாலு பேர் விழுப்புரம் போய் எப்படியாவது பேசிப் பார்க்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். கவிதா மட்டும் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாதாம்.

கவிதா வீடியோவை அன்றைக்கே அழித்துவிட்டாள். ஆனால் அழித்து என்ன பிரயோசனம்? பார்க்க வேண்டியவர்கள் எல்லாம் பார்த்தாகிவிட்டது. அந்தக் கதவு சாத்தின சத்தம்தான் அவளை அரித்துத் தின்றது. செய்தது நான், போய் நிற்க வேண்டியதும் நான் என்று முடிவு செய்தாள். கடைக்குப் போன புருஷனுக்கு ஒரு வார்த்தை மட்டும் போனில் சொல்லிவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினாள். ஜெகதீசன் போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

சாலாமேட்டில் கிருஷ்ணவேணியின் வீடு திறந்துதான் இருந்தது. வீட்டுக்கு வந்தவளை விரட்டுகிற குணம் அந்த அம்மாளுக்கு இல்லை. உள்ளே வரச் சொல்லி நாற்காலியைக் காட்டிவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். கவிதாவும் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மன்னித்துவிடுங்கள் அத்தை என்று ஆரம்பித்தாள். கூடத்தில் இன்னொரு நாற்காலியில் மடிக்காத துணி மலையாகக் குவிந்திருந்தது. பழக்க தோஷம், கவிதாவின் கண் அங்கே போய்விட்டுத் திரும்பியது. கிருஷ்ணவேணி அதைப் பார்த்துவிட்டாள்.

“பாரு, நல்லா பாரு. ஒரு வருசமா உன் வீடியோவப் பாத்துக்கினு இருக்கேன். முட்டி வலில கெடக்கும்போது பாத்தா மனசுக்கு அவ்ளோ எதமா இருக்கும். பாத்து முடிச்சிட்டு என் வூட்டப் பாத்தா எனக்கே அசிங்கமா பூடும். பளிச் கவிதா வூட்டுப் பொண்ணு எங்க வூட்டுக்கு வருதுன்னு இந்தத் தெரு பூரா சொல்லிக்கினு திரிஞ்சேன். உங்க வூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி, அவ்ளோ சுத்தமான வூட்டுல எப்டிடா உக்கார்றதுன்னு பயந்தேன். பயந்த மாதிரியே நான் உக்காந்த எடத்தத் தொடச்சி ஊருக்கே காட்டிட்ட.”

 திட்டு கவிதாவுக்குப் பழக்கம்தான். தண்ணீர் வீண் என்பவனுக்கும் வேலைவெட்டி இல்லாதவள் என்பவனுக்கும் உடனுக்குடன் பதில் எழுதியிருக்கிறாள். ஆனால் தன்னை ஆசையாகப் பார்த்த ஒருத்தி, பார்த்துப் பார்த்தே தன் வீட்டை வெறுத்துப்போனாள் என்பதற்கு அவளிடம் பதில் இல்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

கிருஷ்ணவேணி தலைக்குமேல் சுவரைக் காட்டினாள். புதிதாக அடித்த பச்சை பெயிண்டுக்கு நடுவே, ஒரு சாண் அகலத்துக்குப் பழைய மஞ்சள் சுவர் அப்படியே விடப்பட்டிருந்தது. அதில் கருப்பாக ஓர் எண்ணெய்க் கறை. அவள் புருஷன் டிவி பார்க்கும்போது தலையைச் சாய்த்துக்கொள்கிற இடமாம். அவர் போன பிறகு பெயிண்டர் எவ்வளவோ சொல்லியும் அந்த இடத்தில் அவள் பிரஷ்ஷை வைக்க விடவில்லையாம்.

“எங்களுக்குக் கறைன்னா அழுக்கு இல்லம்மா, ஆளு” என்றாள். “நீ ஆறு லட்சம் பேரு எதிர்ல தொடச்சிட்டு, இப்ப என் காதோரம் வந்து மன்னிப்புக் கேக்குற.”

இதைக் கேட்டதும் கவிதா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பையிலிருந்து போனை எடுத்தாள். தண்ணீர்ச் சொம்பில் அதைச் சாய்த்து வைத்து லைவ் போட்டாள். மேக்கப் இல்லை, விளக்கு இல்லை, பஸ்ஸில் வந்த கசங்கின புடவை. வழக்கமாக வணக்கம் சொல்லிச் சிரிக்கிறவள் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

“போன வாரம் நான் ஒரு கறையத் தொடச்சேன், நீங்கல்லாம் ஹார்ட் விட்டீங்க. அது அழுக்கு இல்ல. எங்க வூட்டுக்கு வந்த சம்பந்தியம்மா தலை பட்ட எடம். அவங்க காரு தெருவத் தாண்டல, நான் வெளிச்சத்துக்கு ஆசப்பட்டுத் தண்ணிய ஊத்திட்டேன். தப்பு என்னுது. இன்னொன்னும் சொல்லிடுறேன். நீங்க பாக்குற அந்தக் கூடம் மட்டுந்தான் சுத்தம். கூடத்துல இருந்ததெல்லாம் பின்கட்டு ரூம்ல கட்டிலுக்கு அடியில கெடக்கும். அத நான் காட்டுனதே இல்ல. என்னப் பாத்து யாரும் உங்க வூட்ட அசிங்கம்னு நெனைக்காதீங்க.”

கமெண்ட்டுகள் மளமளவென்று வந்து விழுந்தன. முதலில் வந்தவை நல்ல சாத்துதான். நடிக்கிறாள் என்றார்கள், வியாபாரம் படுத்துவிட்டதா என்றார்கள். கிருஷ்ணவேணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நகர்ந்து வந்து படிக்க ஆரம்பித்தாள். மெதுவாகக் காற்று திரும்பியது. எங்கள் வீட்டிலும் கட்டிலுக்கு அடியில்தான் என்று ஒருத்தி எழுதினாள், அதன்பின் அதையே எழுத வரிசையில் நின்றார்கள். என் மகள் தலை வைத்துத் தூங்கின சுவரை நானும் துடைக்கவில்லை என்று குவைத்துக்காரி எழுதினாள். கிருஷ்ணவேணி அதை இரண்டு தரம் படித்தாள். பக்கத்தில் தெரிகிற அம்மா யார், லட்சணமாக இருக்கிறார்களே என்று வேறொருத்தி கேட்டாள். கிருஷ்ணவேணியின் கை தானாகப் போய் முந்தானையைச் சரிசெய்தது.

அப்புறம் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்த அம்மாள் போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். நான்தான் அந்தச் சம்பந்தியம்மா என்றாள். புருஷன் சாய்ந்த இடத்தைக் காட்டினாள், இதை யாரும் தொடக் கூடாது என்றாள். துணி மலையைக் காட்டினாள். அடுப்படிக்குள் போய், எண்ணெய்ப் பிசுக்கு ஏறின ஜன்னலையும் மூடி தொலைந்துபோன டப்பாக்களையும் காட்டினாள். முட்டிவலிக்காரி வீடு இப்படித்தான் இருக்கும் என்று எகத்தாளமாகச் சொன்னாள். ஒரு வருஷமாகத் தன் வீட்டைப் பார்த்துக் கூசின பொம்பளை அதை ஆறு லட்சம் பேருக்கு மகாராணி போலச் சுற்றிக் காட்டினாள். போன் திரை முழுக்கச் சிவப்பு இதயங்கள் பறந்தன. கவிதாவின் எந்தப் பளிச்சுக்கும் அப்படிப் பறந்ததில்லை.

அதே தெருவில் லைவ் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் தங்கள் தெருவே போனில் வருவதைக் கண்டு ஒவ்வொருத்தியாக வாசலில் வந்து கூடினார்கள். எதிர்வீட்டுக்காரி மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அப்படியானால் சம்பந்தம் உண்டா இல்லையா என்று கேட்டுவிட்டாள்.  

கிருஷ்ணவேணி போனைப் பார்த்தே பதில் சொன்னாள். “ஊரே பாக்கத்தான அசிங்கப்பட்டேன். ஊரே பாக்கச் சொல்றேன், கேட்டுக்குங்க. கலைப்பிரியாதான் எங்க வூட்டு மருமவ. வர்ற ஆவணில கல்யாணம்.”

வாசலில் குலவை கேட்டது. கவிதா அழுதுகொண்டே சிரித்தாள். திண்டிவனத்தில் சாத்தியிருந்த ஒரு கதவு அந்நேரம் திறந்திருக்க வேண்டும். கமெண்ட்டில் கலைப்பிரியாவின் பெயர் தெரிந்தது. அண்ணி என்று மட்டும் எழுதியிருந்தாள். அதற்கு மேல் அவளுக்கு எழுத வரவில்லை போலிருக்கிறது.

லைவை அணைத்ததும் கிருஷ்ணவேணி நேராகப் போய் இலையை விரித்தாள். கவிதா தயங்கினாள். பேச்சு உறுதியான பிறகுதான் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பார்கள். இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டால் அந்தச் சம்பந்தத்தை அப்புறம் யாரும் அசைக்க முடியாது. அதனால் முதல் இலையில் உட்காருவது வீட்டுப் பெரிய ஆம்பளையாகத்தான் இருக்கும், அதுவும் நாள் பார்த்து, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து. மருமகளாக வந்த ஒருத்தி தனியாக வந்து கை நனைத்ததாக அந்த வம்சத்தில் சரித்திரமே கிடையாது. கிருஷ்ணவேணி சோற்றைப் போட்டு, கத்திரிக்காய்க் காரக்குழம்பை ஊற்றி, பெண் வீடு சார்பாக வந்தவள் நீதானே, சாப்பிடு என்றாள். கவிதா சோற்றைப் பிசைந்து முதல் வாய் எடுத்து வைத்தாள். காலையிலிருந்து பட்டினி. குழம்பு தேவாமிர்தமாக இருந்தது.

பாதிச் சாப்பாட்டில் ஜெகதீசன் கூப்பிட்டான். குரலில் மூச்சு முட்டியது. வீட்டில் எல்லோரும் லைவ் பார்த்தார்களாம், கலைப்பிரியா கூடத்தில் குதித்துக்கொண்டிருக்கிறாளாம். பெரியப்பா இப்போது நிரம்ப இறங்கி வந்துவிட்டாராம். நல்ல நாள் பார்த்து நாலு ஆம்பளைகளோடு வந்து தானே முதல் இலையில் கை நனைத்து உறுதி செய்கிறேன், அதுவரைக்கும் அந்தப் பெண்ணைச் சும்மா இருக்கச் சொல் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாராம்.

கவிதா இடது கையால் போனைக் காதோடு அணைத்துக்கொண்டாள். கிருஷ்ணவேணி ரசத்தை ஊற்ற வந்து நின்றாள்.

“பெரிய மாமாகிட்ட சொல்லிடுங்க” என்றாள் கவிதா. “கை நனைச்சாச்சு. நான் ரசத்துக்கு வந்துட்டேன்.”