பனியில் இரண்டு பொத்தான்கள்

கிடங்கில் அவனுக்குத் தட்டிப்பாரு என்று பேர் வைத்தது யாரென்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது. லாரியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பெட்டியையும் விரல்முட்டியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவான். காலிப் பெட்டி ஒரு மாதிரி பேசும், உள்ளே உடைந்த சரக்கு ஒரு மாதிரி பேசும், மேலே சரக்கும் கீழே செங்கல்லும் அடுக்கி ஊரை ஏய்க்க வந்த பெட்டி வேறு மாதிரி பேசும். வேலையில் வந்த பழக்கம் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. டப்பாவில் சர்க்கரை இருக்கிறது என்று மனைவி சொன்னால், "சரி சரி" என்று தலையாட்டிக்கொண்டே டப்பாவைத் தட்டிப் பார்ப்பான்.

"என்னையும் தட்டிப் பாத்துதான் கட்டிக்கிட்டாரு" என்பாள் அவள்.

சிரிக்கத்தான் சொல்வாள். ஆனால் அவளைப் பார்ப்பதே அரிதாகிவிட்ட பிறகு அந்தச் சிரிப்பும் அரிதாகிவிட்டது. அவனுக்குக் கிடங்கில் பகல் வேலை. அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ராத்திரி வேலை. படுக்கை விரிப்புகளை வேகவைத்து, உலர்த்தி, மடித்து அடுக்க வேண்டும். அவன் செருப்பைக் கழற்றும்போது அவள் செருப்பை மாட்டுவாள். வாசலில் பார்க்கிற பார்வைதான் குடித்தனம். மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றுதான். அந்த மதியத்தையும் அவர்கள் வீட்டில் கழிப்பதில்லை. அவளுடைய அண்ணன் வீட்டில், ஒரு மலைமேல், பனியில், மந்திரவாதிகளாகக் கழித்தார்கள்.

மச்சானுக்கு லிப்ட் ரிப்பேர் வேலை. நடுவழியில் நின்றுபோன லிப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்குப் பயம் தெரியாமல் இருக்க வெளியிலிருந்து கதை சொல்லிச் சொல்லியே கதைக்காரரானவர். அவர்தான் இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தார். அவர் கதையைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, "நான் இதைச் செய்றேன்" என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். ஒரு பலகையில் மலையும் குகையும் சாக்பீஸால் வரைந்திருக்கும். ஆளுக்குப் பதில் கையில் கிடைத்த பொருள். மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சட்டையிலிருந்து விழுந்த வெள்ளைப் பொத்தான், அவள் வில்லாளி. அவனுக்கு லாரிக் கதவிலிருந்து அறுத்த சீல். அவன் வைத்திய மந்திரவாதி. இன்னொருவனுக்கு எரிந்துபோன ப்யூஸ். அவன் எலக்ட்ரீஷியன்தான், ஆனால் விதி பேசியே எல்லாரையும் சாகடிப்பதால் வக்கீல் என்று கூப்பிட்டார்கள்.

அந்த மேஜைக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. மந்திரம் போடுகிறவன் யார்மேல் போடுகிறானோ அந்தப் பொருள்மேல் விரலை வைக்க வேண்டும், வைத்தால் வைத்ததுதான். மச்சான் எதையும் ஒரு தடவைதான் சொல்வார். கதையில் வாய் பேச முடியாதவன் மேஜையிலும் பேசக்கூடாது. செத்த வேடம் செத்ததுதான். புது வேடம் அடுத்த கதையில்தான். மச்சானுடைய கதை ஒன்று முடிவதற்குள் ஒரு வருஷம் ஓடிவிடும்.

மாயைக்கும் ஒரு தீர்ப்பு ஏற்கெனவே ஆகியிருந்தது. மழைக்காலத்தில் ஒருநாள் தட்டிப்பாரு ஒரு ஓநாய்மேல் கட்டு மந்திரத்தைப் போட்டான். ஓநாய் கட்டுப்படவில்லை. ஏனென்றால் அங்கே ஓநாயே இல்லை. மலைமேல் இருக்கும் மாயக்காரி காட்டிய தோற்றம்.

"அப்போ என் மந்திரம் என் கையிலதானே இருக்கணும்?" என்றான்.

"போச்சு" என்றார் மச்சான்.

வக்கீல் எழுந்தே விட்டான். "அதெப்படி? அது ஆள்மேல போடற மந்திரம். போடணும்னா அங்க ஒரு ஆள் இருக்கணும். இல்லாத ஆள்மேல மந்திரம் கிளம்பவே கிளம்பாது. கிளம்பாதது எப்படிச் செலவாகும்?"

"கண்ணு நம்பிடுச்சு, கை வீசிடுச்சு. வீசினது திரும்பி வருமா? நீ சொல்ற மாதிரி விட்டா, நம்ம மாப்பிள்ளை எதிர்ல வர்றவன் போறவன் எல்லார்மேலயும் மந்திரத்தை வச்சு இது ஆளா, நிழலான்னு ஓசியிலேயே தட்டிப் பாத்துடுவாரு."

எல்லாரும் சிரித்துவிட்டதால் தீர்ப்பு நிலைத்துவிட்டது. மாயைமேல் போட்டால் மந்திரம் வீண். தீப்பரப்பு மாதிரி இடத்தின்மேல் போடும் மந்திரத்துக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த இடம் எரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வரும்போதே மனசு சரியில்லாமல் வந்தான். சலவைக்கூடத்தில் ஞாயிறு பகல் வேலைக்கு ஆள் கேட்கிறார்கள், அவன் மனைவியைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்று கிடங்குக்கு லாரி ஓட்டிவரும் ஒருத்தன் சொன்னான். அவன் பெண்டாட்டியும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். "உன் வீட்டுல சொல்லலையா?" என்று கேட்டுவிட்டு, ஏண்டா கேட்டோம் என்பதுபோல ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தான்.

சொல்லவில்லை. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வந்ததும் வராததுமாக அவள் அண்ணனைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசினாள். பாத்திரம் கழுவும் சத்தம் இல்லாமல் தண்ணீர் மட்டும் ஓடினால் அது பேச்சை மறைக்கத்தான் என்பது தெரியாத குழந்தையா அவன்? வெளியே வந்த மச்சான் அவனைப் பார்க்காமல் பகடையைப் பார்த்தார்.

ஆட்டம் தொடங்கியதும் சிக்கலும் தொடங்கியது. மாயக்காரி கோட்டை வாசலில் வந்து நின்றாள். முதல் அடியில் வக்கீல் மயங்கி விழுந்தான், மயங்கினவன் பேசக்கூடாது. அடுத்து வில்லாளிமேல் ஈட்டி பாய்ந்தது. அவள் பனியில் விழுந்தாள். மாயக்காரி சிரித்தபடி கோட்டைக்குள் மறைந்தாள்.

மச்சான் சட்டைப்பையிலிருந்து இன்னொரு பொத்தானை எடுத்தார். அச்சு அசல் அதே வெள்ளைப் பொத்தான். இரண்டையும் உள்ளங்கையில் குலுக்கி, ஒன்றை இடதுபக்கமும் ஒன்றை வலதுபக்கமும் வைத்தார்.

"பனியில ரெண்டு வில்லாளி கிடக்கறாங்க. ஒரே முகம், ஒரே காயம். ஒருத்தி நிஜம். ஒருத்தி மாயக்காரி விட்டுட்டுப் போன தோற்றம். உயிர் போயிட்டிருக்கு. மாப்பிள்ளை, உங்ககிட்ட உயிர்கூட்டி மந்திரம் கடைசியா ஒண்ணுதான் மிச்சம்."

அதே பொத்தான் இவர் பைக்கு எப்படி வந்தது? அவள் கொடுக்காமல் வருமா? அப்படியென்றால் இது முன்கூட்டியே பேசிவைத்தது. வேடம் செத்துவிட்டால் அவள் இங்கே வர வேண்டாம். வர வேண்டாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகலாம். யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆட்டத்தில் செத்தாள், அவ்வளவுதான்.

மச்சான் பேசிக்கொண்டேயிருந்தார். காற்று, மேகம், ஏதோ பனி, ஏதோ தலைமுடி. அது அவன் காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை. அவன் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் வாய் பேசக்கூடாது. ஈட்டி பாய்ந்து கிடக்கிறாள். ஆனால் கண்ணை வலதுபக்கப் பொத்தான்மேல் குத்தி நிறுத்தியிருந்தாள். இமைகூட அடிக்கவில்லை. வக்கீலோ நாற்காலியில் நெளிந்தான், தொண்டையைச் செருமினான், கூரையைப் பார்த்தான்.

"என்னய்யா நெளியற?" என்றான் தட்டிப்பாரு.

வக்கீல் வாயைக் கையால் பொத்திக் காட்டினான்.

இவனும் கூட்டாளி! மேஜையில் தன்னைத் தவிர எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது.

"தீப்பரப்பு இருக்குல்ல? ஓரமா கொஞ்சமா போட்டா, நிஜத்துல துணி கருகும், தோற்றத்துல கருகாது" என்றான் மச்சானிடம்.

"போடலாமே. உயிர் ஊசலாடறவளைக் கொளுத்திப் பாத்துட்டு, அப்புறம் சாம்பலுக்கு வைத்தியம் பாருங்க."

மனைவியின் மூக்கு நுனி சிவந்தது. கண் மட்டும் வலதுபக்கத்தை விட்டு நகரவில்லை.

இப்படி வெட்டவெளிச்சமாக எவளாவது காட்டிக்கொடுப்பாளா? ஏமாற்றுகிற பெட்டியில்தான் 'பத்திரம்' என்று நாலு பக்கமும் பெரிதாக எழுதியிருக்கும். வலது வலது என்று கண்ணால் இழுக்கிறாள் என்றால், வலதில் விரலை வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். வைத்தால் மந்திரம் வீண், வில்லாளி சாவாள், அம்மணிக்கு ஞாயிற்றுக்கிழமை விடுதலை. என்னிடமேவா?

இடதுபக்கப் பொத்தான்மேல் விரலை வைத்தான்.

வக்கீல் தலையில் அடித்துக்கொண்டான்.

"வச்சது வச்சதுதானே?" என்று மச்சான் மெதுவாகக் கேட்டார்.

"வச்சதுதான்."

"உங்க கையிலேர்ந்து வெளிச்சம் கிளம்பிப் போகுது. பனிக்குள்ள இறங்கிக் காணாமப் போகுது. அங்க யாரும் இல்லை." வலதுபக்கப் பொத்தானை அவர் கவிழ்த்து வைத்தார். "இந்தப் பக்கம் மூச்சு நின்னுடுச்சு."

செத்தவளுக்கு வாய் வந்துவிட்டது.

"கண்ணாலயே கத்தினேனே! ஊருக்கே கேட்டிருக்கும், உங்களுக்குக் கேட்கலையா?"

"அதனாலதான்..."

"எதனால? விழற பனி ஒருத்தி முடிமேல தங்குது, இன்னொருத்தியைத் தாண்டிக் கீழ விழுதுன்னு அண்ணன் சொன்னாரே. வலதுபக்கம் தங்குதுன்னு தெளிவாச் சொன்னாரே. அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"நான் மயங்கிக் கிடந்தேன், எனக்கே கேட்டுச்சு" என்றான் வக்கீல்.

"உன் முகத்தைப் பாத்துட்டிருந்தேன்" என்றான் தட்டிப்பாரு மனைவியிடம்.

"முகத்துல என்ன எழுதியிருந்துது?"

அவனுக்கு மறைக்கத் தெரியவில்லை. ஞாயிறு வேலை, லாரிக்காரன், குழாய்த் தண்ணீர், இரண்டாவது பொத்தான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். கொட்டக் கொட்ட அவனுக்கே அது குப்பையாகத் தெரிந்தது.

மச்சான் நெற்றியைத் தேய்த்தார். "மாப்பிள்ளை, அந்தப் பொத்தான் கடையில வாங்கினது. இவ என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டது எதுக்குத் தெரியுமா? ஞாயிறு வேலையைத் தட்டிக் கழிக்க முடியலைன்னா, ஆட்டத்தை வேற நாளைக்கு மாத்திக்கலாமான்னு கேட்டா. லிப்ட்டு என்னிக்கு நிக்கும்னு எனக்கே தெரியாது, வாக்குக் கொடுக்க முடியாதுன்னேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?" என்றான் அவளிடம்.

"எப்பச் சொல்றது? செருப்பு மாட்டும்போதா? சொன்னா நீங்க நம்பறதுக்கே ஒரு வாரம் ஆகும். நாளைக்குள்ள பதில் கேக்கறாங்க." அவள் எழுந்து கைப்பையை எடுத்தாள். "இனிமே என்ன, செத்தாச்சு. ஒரு வருஷம் இங்க உக்காந்து வேடிக்கை பாக்கறதுக்கு அங்க போய் விரிப்பு மடிக்கலாம்."

"மச்சான், விரலை எடுத்துக்கறேன்."

"அந்த வாசல் மட்டும் திறக்காது மாப்பிள்ளை. ஒருத்தருக்குத் திறந்தா இந்த வக்கீல் தினம் மனு போடுவான்."

அவள் கதவுத் தாழ்ப்பாளில் கையை வைத்துவிட்டாள். தட்டிப்பாரு பலகையைப் பார்த்தான். சீல், கவிழ்ந்த பொத்தான், எரிந்த ப்யூஸ், கோட்டைக்குள் மாயக்காரிக்கு வைத்திருந்த பழைய சாவி. அந்தச் சாவியை மச்சான்தான் நகர்த்துவார். அவர் எப்போதும் புலம்புவார், கதையையும் சொல்லி மாயக்காரிக்கும் யோசிக்க முடியவில்லை என்று.

"மச்சான், அந்த மாயக்காரியை வேற யாராவது ஆடலாமா?"

"யாரு?"

"இவ."

தாழ்ப்பாள் சத்தம் நின்றது.

"யோவ், புத்தி கெட்டுப்போச்சா?" என்று வக்கீல் அலறினான். "உன் நெளிவு சுளிவெல்லாம் தெரிஞ்சவகிட்ட மாயத்தைக் கொடுத்தா நம்ம கதி என்ன? நேரா காட்டினதையே நீ நம்ப மாட்டே. இனி அந்தம்மா ஏமாத்தறதையே தொழிலா வச்சுக்கிட்டா?"

"ஏமாத்தட்டும்" என்றான் அவன். "எதிர்ல உக்காந்து ஏமாத்தட்டும்."

மச்சான் சாவியை எடுத்துத் தங்கையின் பக்கம் நீட்டினார். "மந்திரமெல்லாம் கத்துக்கவே உனக்கு நாலஞ்சு வாரம் பிடிக்கும். நடுவுல நிறுத்தக்கூடாது. வருவியா?"

அவள் சாவியை வாங்கவில்லை. திரும்பி வந்து, அவனுக்குப் பக்கத்தில் இருந்த தன் நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய் எதிர்ப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள். போனை எடுத்து எதையோ எழுதினாள். அவன் கழுத்தை நீட்டினான். அவளே போனைத் திருப்பிக் காட்டினாள். மேற்பார்வையாளருக்கு எழுதியது. 'ஞாயிறு என்னால முடியாது' என்று இருந்தது. அவன் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் மறுபடி திருப்பிக்கொண்டாள்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்."

"நிஜமா?"

"அண்ணா, அந்தப் பொத்தான் இன்னும் இருக்கா?" என்று கேட்டாள் அவள். மச்சான் கடையில் வாங்கிய பொத்தான் டப்பாவையே கவிழ்த்தார். சாவியை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, கோட்டை வாசலில் வெள்ளைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக வரிசையாக அடுக்கினாள். முகத்தில் ஒன்றும் இல்லை. துவைத்து மடித்து வைத்த விரிப்பு மாதிரி இருந்தது.

"இத்தனை பேர்ல நான் யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்."

தட்டிப்பாரு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவளை உற்றுப் பார்க்க ஆரம்பித்தான்.